புள்ளி வைத்த க

வளர்மதி தைத்த ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன பெண் நெய்வேலியில் ஒருத்தியும் கிடையாது. கை பிடிக்கிறது என்பார்கள், கழுத்து இறங்கிவிட்டது என்பார்கள். ஒன்றும் அகப்படாவிட்டால், போன தடவை தைத்தது இதைவிட நன்றாக இருந்தது என்பார்கள். போன தடவை அதற்கும் ஒரு குறை சொல்லியிருப்பார்கள். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து கல்யாணமாகி இந்த டவுன்ஷிப்புக்கு வந்து மெஷினைப் போட்ட நாளிலிருந்து அவள் கேட்டு வரும் பேச்சு இது. அவள் மறுத்துப் பேசுவதில்லை. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு 'ம்' என்று தலையாட்டுவாள். பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள்.

அவளுக்கான மரியாதை வேறு இடத்தில் இருந்தது. அவர்கள் பிளாக்கில் இருந்த வழிபாட்டு மன்றத்துக்கு அவள்தான் தலைவி. மருவத்தூர் அம்மனுக்கு மாலை போடுகிற பெண்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு அங்கே கூடுவார்கள். கூடிவிட்டால் யாரும் யாரையும் பேர் சொல்லியோ, அக்கா என்றோ கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் எல்லாரும் 'சக்தி'தான். மைன்ஸில் பெரிய அதிகாரியின் மனைவியும் சக்தி, ரோடு கூட்டுகிற காண்ட்ராக்ட் பெண்ணும் சக்தி. வாசலில் நின்று 'டைலரம்மா, ரெடியா?' என்று அதட்டுகிற அதே பெண், வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்து 'வாங்க சக்தி' என்று கைகூப்புவாள். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்காகவே வாரம் முழுக்க மெஷினை மிதிக்கலாம் என்று வளர்மதிக்குத் தோன்றும்.

தை மாதம் எல்லாரும் பஸ் பிடித்து இருமுடியோடு போவார்கள். அங்கே குளிக்கிற இடத்தில்தான் தகராறு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சிவப்புச் சேலை. யாருடையது எது என்று தெரியாது. ஒரு வருஷம் கண்ணகியின் சேலையை யாரோ கட்டிக்கொண்டு போய்விட, அவள் யாரோ விட்டுப்போன கிழிசல் சேலையோடு வரிசையில் நின்றாள். ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கிழிசலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் புதுச் சேலைகள் எடுத்தபோது வளர்மதி ஒரு வழி செய்தாள். ஒவ்வொருத்தியின் முந்தானை ஓரத்திலும் மஞ்சள் நூலால் பேரின் முதல் எழுத்தைச் சின்னதாகத் தைத்துக் கொடுத்தாள். மன்றத்தில் கலாவதி என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் க, கண்ணகிக்கும் க. அதனால் கண்ணகியின் எழுத்துக்குக் கீழே நூலை முடிந்து ஒரு புள்ளி வைத்தாள். 'புள்ளி வச்ச க என்னுது, தொடாத' என்று கண்ணகி குளிக்கிற இடத்தில் கத்துவது மன்றத்தில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது.

கண்ணகி இந்தப் பக்கத்துக்காரி. வளையமாதேவியில் பிறந்தவள். மைன்ஸுக்கு நிலம் கொடுத்து வேலைக்குப் போன ராமசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். வளர்மதியின் குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வரிசையில் வீடு. ஒரே மகள் இசைப்பிரியா காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

இனி வெற்றிலைக்கு வர வேண்டும்.

வளர்மதி தன் குண்டூசிகளைச் செருகி வைக்க ஒரு சின்னத் துணிப்பொதி தைத்து வைத்திருந்தாள். மிச்சத் துணியில் வெற்றிலை வடிவத்தில் வெட்டி, இலவம்பஞ்சு திணித்தது. மெயின் பஜாரில் கிஃப்ட் கடை வைத்திருக்கும் பிரபாவதி ஒருநாள் ஜாக்கெட் வாங்க வந்தவள், ஜாக்கெட்டை விட்டுவிட்டு அதைக் கையில் எடுத்தாள்.

"ஹார்ட்டு எவ்ளோ அழகா இருக்கு. நீங்களே தைச்சதா?"

வளர்மதி அது வெற்றிலை என்றாள். பிரபாவதி அதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டிச் சிரித்தாள். காதலர் தினம் வரப்போகிறது, சென்னையிலிருந்து வரும் பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சு, கையால் தைத்தது என்றால் பிள்ளைகள் ஆசையாக வாங்குவார்கள், கொஞ்சம் தைத்துத் தாருங்கள் என்றாள். சாவிக்கொத்தில் தொங்குவது, பர்ஸில் வைத்துக்கொள்வது, சின்னத் தலையணை மாதிரி ஒன்று.

முடியாது என்று சொல்லத்தான் வளர்மதி வாயைத் திறந்தாள். காரணம் இருந்தது. போன வருஷம் இதே காதலர் தினத்தைப் பற்றி மன்றத்தில் எழுந்து பேசியவள் அவள். நம் பிள்ளைகள் அன்றைக்குக் கண்ட இடத்தில் சுற்றுவதைவிட, அன்றைக்கே மன்றத்தில் கூட்டு வழிபாடு வைத்து மகள்களை அழைத்து வந்து உட்கார வைக்கலாம் என்று அவள் சொன்னதை எல்லாரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். இந்த வருஷமும் அதற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆனால் பிரபாவதி அந்தப் பொதியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தைத்த ஒன்றை யாரும் அப்படிக் கன்னத்தில் வைத்து வளர்மதி பார்த்ததில்லை.

பேர் வெளியே தெரியக் கூடாது என்றாள். பிரபாவதி ஒப்புக்கொண்டாள்.

கணவர் செந்தில்நாதன் மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷனில் வேலை பார்த்தார். அவர் செகண்ட் ஷிப்டுக்குப் போகிற வாரங்களில் மத்தியானத்திலிருந்து வீடு அவளுடையது. என்ன தைக்கிறாய் என்று அவர் ஒருநாள் கேட்டதற்கு, வெத்தலை, ஊசி குத்தி வைக்கிறதுக்கு, கடையில கேட்டாங்க என்றாள். அவளும் மனதுக்குள் வெற்றிலை என்றே சொல்லிக்கொண்டாள். பெரிய வெற்றிலை, சின்ன வெற்றிலை. வேறு சொல்லை வாய் சொல்லவில்லை.

பிரபாவதி கொடுத்தனுப்பிய சிவப்பு சாட்டின் வளைவுகளில் படியவில்லை. கத்தரி பட்டதும் நூல் பிரிந்தது, பஞ்சு திணித்தால் தையல் ஓரமெல்லாம் சுருங்கியது. அவளுக்குக் கண்ணை மூடினால் ஒரே ஒரு துணிதான் தோன்றியது. பல வருஷம் கட்டி, பல தடவை துவைத்து, நிறம் கொஞ்சம் தணிந்து, கைக்கு வெண்ணெய் மாதிரி ஆகிவிட்ட பருத்திச் சிவப்பு. அந்த வருஷம் மன்றத்தில் எல்லாரும் புதுச் சேலை எடுத்திருந்தார்கள். பழையவை எல்லார் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் சும்மா கிடந்தன.

மன்றத்தின் சிமெண்டுத் தரை தையில் சில்லிடும், வயதானவர்கள் உட்கார முடியாமல் நெளிவார்கள். பழைய சேலைகளைக் கொடுத்தால் ஒட்டுப்போட்டு ஆசனம் தைத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னாள். சொன்னபோது அது பொய் இல்லை. எல்லாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரண்டு ஆசனம் தைக்கவும் செய்தாள். மூன்றாவதற்குத் துணியை விரித்தபோதுதான் கை வெற்றிலை வடிவத்தில் வெட்டிய அட்டையை எடுத்து வைத்து சாக்பீஸால் கோடு போட்டது. தைத்துத் திருப்பிப் பஞ்சு வைத்ததும் அது கையில் ஒரு குருவிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்தது. ஒரு சுருக்கமும் இல்லை. அதற்குப் பிறகு ஆசனத் துணி ஒரு மூலைக்குப் போய்விட்டது.

எழுத்துகளை அவள் மறக்கவில்லை. சேலையை விரித்ததும் முதல் வேலையாக முந்தானை ஓரத்தை வெட்டி எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவாள். வி, பு, சு, வ என்று மஞ்சள் எழுத்துகள் டப்பாவுக்குள் கிடந்தன. கண்ணகியின் சேலையில்தான் பிசகியது. அவளுடைய முந்தானை ஓரம் இரண்டு வருஷத்துக்கு முன்பு நைந்துபோய், வளர்மதியே அதை வெட்டி எறிந்துவிட்டு எழுத்தை ஒரு சாண் உள்ளே தள்ளி மறுபடி தைத்திருந்தாள். அது நினைவில்லை. துணியை இரண்டாக மடித்து வெட்டியதில் எழுத்து அடிமடிப்பில் போனது. ஷிப்ட் விட்டு அவர் வருகிற நேரம் என்ற அவசரத்தில் பஞ்சைத் திணித்து வாயை மூடி மற்றவற்றோடு பைக்குள் போட்டுவிட்டாள்.

மறுநாள் கடையில் பிரபாவதிதான் அதைக் கண்டுபிடித்தாள். பின்பக்கம் திருப்பி, எழுத்துகூடப் போட்டிருக்கீங்களே, இது நல்ல ஐடியா, பேர் சொன்னா அந்த எழுத்துப் போட்டுத் தருவீங்களா என்று கேட்டாள். வளர்மதி அந்த எழுத்தை அப்போதுதான் பார்த்தாள். அந்தக் கணத்தில் ஒரு வார்த்தை சொல்லி அதைத் திரும்ப வாங்கியிருக்கலாம். இது தப்பாகத் தைத்தது, கொடுங்கள் என்றால் போதும். ஆனால் எந்தத் துணி, ஏன் அதில் எழுத்து என்ற பேச்சு வருமே என்று பயந்தாள். சும்மா ஒண்ணு போட்டுப் பாத்தேன், இனிமே எழுத்தெல்லாம் வராது என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். எழுத்து வைத்த வெற்றிலையைப் பிரபாவதி கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் வைத்தாள்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை, செந்தில்நாதன் வேலைக்குப் போன பிறகு, கண்ணகி பின்வாசல் வழியாக வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. முகம் வீங்கியிருந்தது. தண்ணீர் கொடுத்தாள் வளர்மதி. குடித்துவிட்டு இடுப்பில் சொருகியிருந்த கைக்குட்டையைப் பிரித்தாள்.

"சக்தி, இத பாருங்க. எம் பொண்ணு காலேஜ் பையில இருந்துது. எவனோ குடுத்திருக்கான். பின்னாடி பேரு வேற."

சிவப்பு வெற்றிலை. மஞ்சளில் க. கீழே புள்ளி.

எழுத்தைக் கண்ணகி விரலால் தேய்த்துத் தேய்த்துக் காட்டினாள். வருஷக்கணக்கில் தன் முந்தானையில் பார்த்த எழுத்து; குளிக்கிற இடத்தில் 'என்னுது, தொடாத' என்று கத்திய எழுத்து. மகளின் பைக்குள் இருந்ததால் அது அவளுக்கு வேறு யாரோ ஒருவனின் பேராகிவிட்டது.

க என்றால் கருணாகரன். அவள் கணக்கு அதோடு முடிந்துவிட்டது. காடாம்புலியூர்ப் பையன், மைன்ஸில் அப்ரண்டிஸ், எதிர்வரிசையில் தன் மாமா வீட்டு அவுட்ஹவுஸில் தங்கியிருக்கிறான். போன மாதம் இசைப்பிரியாவின் ஸ்கூட்டி பஞ்சர் ஆனபோது கடைவரை தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தவன். கேட்டால், கடையில் நானே வாங்கினேன் என்று மட்டும் மகள் சொல்கிறாளாம். யாருக்கு என்றால் பதில் இல்லையாம். நேற்றே ராமசாமி போய் அந்தப் பையனின் சட்டையைப் பிடித்துவிட்டார். மாமா பயந்துபோய் அவனைப் பையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார். காலேஜ் போதும், ஞாயிற்றுக்கிழமை வளையமாதேவிக்கு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, வருகிற வரனைப் பார்த்து முடித்துவிடப் போகிறோம் என்றாள் கண்ணகி.

"நீங்கதான் போன வருஷமே சொன்னீங்க, சக்தி. புள்ளைங்கள பாத்துக்கணும்னு. நான்தான் கேக்காம வுட்டுட்டேன்."

வளர்மதி அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தன் வாயிலிருந்து ஒரு குரல் வந்து, அவசரப்படாதீங்க, பொறுத்துப் பாப்போம் என்று சொல்வதைக் கேட்டாள். அந்தக் குரல் தலைவியின் குரலாக, நிதானமாக இருந்தது. கண்ணகி அதைக் கேட்டு இன்னும் அழுதாள். வெற்றிலையை மறுபடி கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு வளர்மதி மெஷின் மேலிருந்த சிவப்பெல்லாவற்றையும் வாரிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளும்போது ஒரு நினைப்பு வந்தது. பிற்பாடு அவள் தன்னை வெறுத்தது அதற்காகத்தான். கண்ணகிக்கு அடையாளம் தெரியவில்லை, தப்பித்தோம் என்பதே அந்த நினைப்பு.

மறுநாள் பஜாருக்குப் போய்க் கடையில் மிச்சமிருந்தவற்றைத் திருப்பிக் கேட்டாள். எல்லாம் விற்றுவிட்டது என்று பிரபாவதி மலர்ந்த முகத்தோடு சொன்னாள். எழுத்து வைத்ததை யார் வாங்கினது என்று, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டாள் வளர்மதி. ஒரு காலேஜ் பெண் என்றாள் பிரபாவதி. தனியாகத்தான் வந்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், யார் தைக்கிறார்கள் என்று கேட்டாள், நான் சொல்லவில்லை. டப்பாகூட வேண்டாம் என்று அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஆக, பெண் சொன்னது நிஜம். வளர்மதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தாள்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று புதன்கிழமை நினைத்தாள். வியாழக்கிழமை கண்ணகி வீட்டு வேலிவரை போனாள். உள்ளே ராமசாமியின் குரல் கேட்டது, திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது. அவள் சிவப்பைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து மந்திரம் சொன்னாள், எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள். கண்ணகி மகளைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். இசைப்பிரியா மந்திரம் சொல்லவில்லை. கண்ணை மூடவும் இல்லை. வளர்மதி தீபத்தட்டோடு திரும்பியபோது அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. வராத பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆசனம் எப்ப வரும் சக்தி, தரை ஜில்லுங்குது என்று ஒருத்தி கேட்டாள். வரும் என்றாள் வளர்மதி.

சனிக்கிழமை செந்தில்நாதனிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். வெத்தலைன்னு சொன்னியே என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டார். எல்லாச் செடிக்கும் விட்ட பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மீதிச் சேலையை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டு வளர்மதி அடுத்த வரிசைக்குப் போனாள். கண்ணகி வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. வளையமாதேவியிலிருந்து வந்த அண்ணன் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். ராமசாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இசைப்பிரியா சுவரோரம் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

வாங்க சக்தி, நல்ல நேரத்துலதான் வந்தீங்க, புத்தி சொல்லி அனுப்புங்க என்றாள் கண்ணகி.

"அந்த... அன்னிக்குக் காட்டினீங்களே. அதைக் கொஞ்சம் கொண்டாங்க."

"எத?"

வெற்றிலை என்று சொன்னால் யாருக்கும் புரியாது. வளர்மதி அந்தச் சொல்லை முதல்முறையாகச் சொன்னாள். "அந்த ஹார்ட்டு." அவள் வாய்க்கு அது பழகாமல் 'ஆர்ட்டு' என்று வந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

கண்ணகி கொண்டுவந்தாள். வளர்மதி பையிலிருந்த சேலையை எடுத்துத் தரையில் விரித்தாள். முந்தானைப் பக்கம் வெற்றிலை வெற்றிலையாக ஓட்டைகள். வரிசை தப்பாமல், துணி வீணாகாமல், நெருக்கமாக வெட்டியிருந்தது. ஒரு ஓட்டையின் மேல் அந்தச் சிவப்புப் பொதியைக் கவிழ்த்து வைத்தாள். அவள் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். நான்தான் தைத்தேன், கடைக்குத் தைத்தேன், இது உங்கள் சேலை, இது உங்கள் எழுத்து, பையன் பேர் இல்லை, பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. தரையைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள்.

கண்ணகி குனிந்து சேலையின் ஓரத்தை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பொதியைத் திருப்பினாள். புள்ளியைத் தொட்டாள்.

ராமசாமிதான் முதலில் சத்தம் போட்டார். அது சிரிப்பு. "அடிப்பாவி, கருணாகரன் இல்ல, கண்ணகியா?" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இரண்டு மூச்சு சிரித்த பிறகு அவருக்குத் தான் பிடித்த சட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. கையைப் பார்த்துக்கொண்டார்.

"துணி போவட்டும்," என்றாள் கண்ணகி. குரல் மெதுவாக இருந்தது. "ஆசனம்னு வாங்கிகினு போயி இத தைச்ச, அதுவும் போவட்டும். அம்மன் பாத்துக்குவா. நான் உங்க வூட்டுக்கு வந்து அழுதுகினு நின்னேனே. தண்ணி குடுத்த. அப்ப உனக்குத் தெரியும் இல்ல?"

வளர்மதி தலையாட்டினாள்.

"தெரிஞ்சிகினே பொறுத்துப் பாப்போம்னு சொன்ன. ஒரு வாரமா எம் பொண்ண நான் சொல்லாத வார்த்தை இல்ல. நீ அடுத்த வரிசையிலதான் இருந்துகினு இருந்த."

வாங்க, போங்க என்று பேசுகிறவள், நீ என்று பேசுகிறாள் என்பது வளர்மதிக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. சக்தி என்று சொல்லவில்லை என்பது அதற்கும் பிறகு. கைகூப்பினாள். கண்ணகி அதைப் பார்க்கவில்லை. அண்ணனிடம் பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டு, பொதியைக் கையில் பிடித்தபடியே உள்ளே போய்விட்டாள்.

வளர்மதி சேலையைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே வந்து கொஞ்சதூரம் நடந்த பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இசைப்பிரியா.

"அக்கா, எனக்குத் தெரியும். அந்தச் சேலையை வருஷாவருஷம் துவைச்சுக் காயப்போடறது நான்தானே. கடையில பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

வளர்மதி நின்றாள்.

"வேற யாராவது பாத்தா உங்களுக்கு அசிங்கமாயிடும்னுதான் வாங்கினேன். உங்ககிட்டயே குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அம்மா பையைத் திறந்துட்டாங்க."

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை, பேச்சு வாங்கிக்கொண்டு ஏன் இருந்தாய் என்று வளர்மதி கேட்டாள். கேட்கும்போதே அதைக் கேட்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தது.

"உங்களுக்காக மட்டும் இல்லக்கா. அம்மா அதைக் கையில எடுத்ததும் கேட்ட முதல் கேள்வியே 'யாருடி அவன்'னுதான். இது என்னன்னுகூட கேக்கல. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் சொல்லத் தோணல." செருப்பு நுனியால் தரையைக் கீறினாள். "நீங்க வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வெள்ளிக்கிழமையாவது."

திரும்பி நடந்தாள். சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஷிப்ட் பஸ் இன்றைக்குத் தாமதம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். வளர்மதி ரோட்டோர மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாரம் முழுவதும் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத்தான் அவள் ஒளிந்துகொண்டிருந்தாள். மகள் வயதில் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, அவள் வருவாள் என்று காத்திருந்திருக்கிறாள்.

செய்தி பிளாக் முழுக்கப் பரவ அன்றைய சாயங்காலமே போதுமாக இருந்தது. சிலர் நேரில் வந்து சேலையைத் திருப்பிக் கேட்டார்கள். சிலர் வராமல், தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணியை ஆள்விட்டு வாங்கிக்கொண்டார்கள். ராமசாமி காடாம்புலியூருக்குப் போய்க் கருணாகரனிடம் மன்னிப்புக் கேட்டார் என்று சொன்னார்கள். பையன் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தானாம். ஆனால் அவுட்ஹவுஸுக்குத் திரும்பவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வந்து போனான். காலையில் டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட் பக்கம் போனால் அவன் இறங்குவதைப் பார்க்கலாம். வளர்மதி அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். பிரபாவதி மட்டும் அடுத்த வருஷத்துக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன் என்று ஆள் அனுப்பினாள். வளர்மதி முடியாது என்று சொல்லி அனுப்பினாள். அவமானத்தில் கூசிக் கிடந்த அந்த நாட்களிலும், அந்தச் சிவப்புப் பொதிகள் கச்சிதமாக வந்திருந்தன என்ற எண்ணம் அவளைவிட்டுப் போகவில்லை. அதுவும் ஒரு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் அவள் ஆசனங்களைத் தைத்தாள். மீதியிருந்த சிவப்பு அத்தனையையும் ஒட்டுப்போட்டு, உள்ளே பழைய போர்வையை வைத்து, பிஸ்கட் டப்பாவிலிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தாள். கண்ணகியின் எழுத்து டப்பாவில் இல்லை. அவளுடைய ஓட்டைச் சேலையில் எஞ்சிய துணியை ஒன்றுசேர்த்து எழுத்தில்லாமல் ஒன்று தைத்தாள். அதுதான் எல்லாவற்றிலும் சிறியதாக வந்தது.

பிப்ரவரி பதினான்கு கூட்டு வழிபாடு. அவளே ஏற்படுத்திய வழிபாடு. போகாமல் இருக்கலாம் என்று செந்தில்நாதன் சொல்லிப் பார்த்தார். எல்லாரும் வருவதற்கு முன்பே போய் ஆசனங்களைத் தரையில் பரப்பிவிட்டுக் கடைசி வரிசையில் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்கள் குனிந்து தங்கள் எழுத்தைத் தேடினார்கள். சிலர் உட்கார்ந்தார்கள். புஷ்பவல்லி தன்னுடையதை எடுத்து உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மகள்கள் வந்தார்கள். இசைப்பிரியா வரவில்லை. மறுபடி காலேஜ் போகிறாள், ஆனால் இனி மன்றத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்று முன்வரிசையில் யாரோ தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

மந்திரத்தைக் கண்ணகி சொன்னாள். இரண்டு இடத்தில் தடுமாறினாள். வளர்மதிக்கு அடுத்த வரி நாக்கு நுனியில் இருந்தது, எடுத்துக் கொடுக்கவில்லை. முடிந்ததும் கண்ணகி குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தாள். எடுத்துக்குங்க சக்தி, எடுத்துக்குங்க சக்தி என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரிசைக்கு வந்தாள். வளர்மதியின் முன்னால் தட்டு நின்றது.

வளர்மதி நிமிரவில்லை. காது மட்டும் விரிந்து கிடந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை இருமியது. தட்டின் விளிம்பில் கண்ணகியின் கட்டைவிரல் தெரிந்தது. நகத்தில் குங்குமம் ஏறியிருந்தது. தட்டு நகரவில்லை, சொல்லும் வரவில்லை. வளர்மதி விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

கண்ணகி தட்டைத் திருப்பிக்கொண்டாள். போகிறவள் ஓரமாகக் கிடந்த அந்தச் சின்ன ஆசனத்தைப் பார்த்து நின்றாள். காலால் லேசாக இழுத்துப் பார்த்தாள்.

"இதுல எழுத்து இல்ல."

"உங்ககிட்ட இருக்கு," என்றாள் வளர்மதி.

கண்ணகி ஆசனத்திலிருந்து காலை எடுத்தாள். அடுத்து இருந்த பெண்ணிடம் தட்டை நீட்டினாள். எடுத்துக்குங்க சக்தி என்றாள்.